போரைப் பாடமாக்கிய பேராசிரியர்: மைக்கேல் ஹோவர்ட்

கேள்வி இதுதான்: "லண்டன் கிங்ஸ் கல்லூரியில் போரியல் என்று ஒரு முழுத் துறையே இருக்கிறது. அதை உருவாக்கிய மைக்கேல் ஹோவர்ட் யார்? போரைப் பல்கலைக்கழகப் பாடமாக வைப்பது போரை நியாயப்படுத்துவது ஆகாதா?"

முதலில் ஆளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். இதே பெயரில் பிரிட்டனில் ஓர் அரசியல்வாதி உண்டு. 2003 முதல் 2005 வரை கன்சர்வேடிவ் கட்சிக்குத் தலைவராக இருந்தவர். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அவர்தான் முன்னால் வந்து நிற்பார். நாம் பேசுவது வரலாற்றாசிரியர் சர் மைக்கேல் எலியட் ஹோவர்டைப் பற்றி. 1922 நவம்பர் 29 அன்று லண்டனில் பிறந்தார். 97 வயது நிறைந்த மறுநாள், 2019 நவம்பர் 30 அன்று மறைந்தார்.

குடும்பம் மருந்துக் கம்பெனிக் குடும்பம். ஹோவர்ட்ஸ் அண்ட் சன்ஸ் என்ற அந்த நிறுவனம் மலேரியா மருந்தான கொயினா தயாரிப்பில் பெயர்பெற்றது. அதைத் தொடங்கிய லூக் ஹோவர்ட்தான் மேகங்களுக்கு க்யூமுலஸ், ஸ்ட்ரேட்டஸ், சிர்ரஸ் என்று பெயர் வைத்தவர். அவருடைய மகன் ஜான் எலியட் ஹோவர்ட் கொயினாப் பட்டை ஆராய்ச்சியில் அந்தக் காலத்துப் பெரிய ஆள். 1860களில் ஊட்டியில் கொயினா தரும் சிங்கோனா மரங்களை வளர்க்கத் தொடங்கியபோது, நீலகிரியிலிருந்து போன பட்டையில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று சோதித்துச் சொன்னவர் அவர்தான். இன்னொரு விஷயம், இந்தக் குடும்பத்தின் வேர் குவேக்கர் மரபில் இருக்கிறது; போரே கூடாது, ஆயுதம் தொடக் கூடாது என்று நம்பிய கிறிஸ்தவப் பிரிவு அது. தாய்வழி ஜெர்மன் யூத வம்சாவளி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஹோவர்டுக்குப் பத்து வயது. ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டுக்குத் தூரத்துச் செய்தியாக இருந்திருக்க வழியில்லை.

வெலிங்டன் கல்லூரியில் பள்ளிப்படிப்பு, ஆக்ஸ்ஃபர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் வரலாறு. படிப்பின் நடுவே போர் வந்து இழுத்துக்கொண்டது. கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோவில் நேசப்படைகள் கரையிறங்கியபோது அவர் ஒரு சிறு அணியின் தலைவர், வயது இருபது. ஜெர்மானியர் பிடியில் இருந்த ஒரு குன்றின் மீது தன் ஆட்களோடு ஏறித் தாக்கிப் பிடித்ததற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது. அந்தப் போர்முனையில் இரண்டு முறை காயமும் பட்டார்.

பதக்கத்தைப் பற்றிப் பேசும் பலர் விட்டுவிடும் இன்னொரு சம்பவத்தை அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஓர் இரவு ரோந்துக்குப் போனபோது கூட வந்த சிப்பாய் கண்ணிவெடியில் சிக்கிப் படுகாயமடைந்தார். ஹோவர்ட் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குற்ற உணர்வு அவரை விடவில்லை. ஒரு பக்கம் வீரப் பதக்கம், இன்னொரு பக்கம் இது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே போரில் செய்திருக்கிறார். படைவீரர்களை முழு வீரர்களாகவோ முழுக் கோழைகளாகவோ அவர் எங்கும் எழுதாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

போர் முடிந்து பட்டம் வாங்கியபின் 1947இல் கிங்ஸ் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் உதவி விரிவுரையாளர் வேலை. அந்தக் கல்லூரியில் போரியலை அவர் வெறுந்தரையில் தொடங்கினார் என்று சொல்வது சரியல்ல. 1920களிலேயே அங்கே ராணுவப் படிப்புக்கு ஒரு பேராசிரியர் பதவி இருந்தது. ஓய்வுபெற்ற தளபதி சர் ஃப்ரெடெரிக் மாரிஸ் அதில் இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது தேய்ந்துபோயிற்று. 1953இல் அதற்கு மறுபடி உயிர்கொடுக்க ஒரு விரிவுரையாளர் பதவியை உண்டாக்கி ஹோவர்டிடம் கொடுத்தார்கள். துறை என்று சொல்லிக்கொள்ள அப்போது அவர் ஒருவர்தான். 1960களின் தொடக்கத்தில் அது முறையான போரியல் துறையாக எழுந்து நின்றது. 1963இல் அவர் அதன் பேராசிரியர்.

அதற்கு முன் ராணுவ வரலாறு என்றால் என்ன? பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பிற அதிகாரிகளுக்காக எழுதியது. எந்தப் படை எந்த ஆற்றைக் கடந்தது, எந்தத் தளபதி வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்ற விவாதம். பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் அதைக் கையால் தொடமாட்டார்கள். ஒரு நாட்டின் வரலாற்றை எழுதும்போது போர் வந்தால் அந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்து உடன்படிக்கையில் போய் இறங்குவார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஹோவர்ட் சொன்னது, எந்தச் சமூகம் சண்டையிட்டது என்று தெரியாமல் அந்தச் சண்டை புரியாது என்பதுதான். யாரைப் படைக்கு எடுத்தார்கள், வரியை யார் கட்டினார்கள், ரயில் எங்கே ஓடியது, சட்டம் எதை அனுமதித்தது, மனசாட்சி எதைத் தடுத்தது, இத்தனையும் வேண்டும் என்றார்.

அதைச் செய்து காட்டிய நூல், 1870–71 பிரான்ஸ்–பிரஷ்யப் போரைப் பற்றி அவர் 1961இல் வெளியிட்டது. டஃப் கூப்பர் பரிசு பெற்றது. அவர் எழுதியவற்றில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அதில் படைதிரட்டும் பகுதியைப் பாருங்கள். 1870 ஜூலை. பிரான்சில் விடுப்பில் இருந்த ரிசர்வ் சிப்பாய் முதலில் தன் படைப்பிரிவின் கிடங்கு இருக்கும் ஊருக்குப் போய்ச் சீருடை, துப்பாக்கி வாங்கிக்கொண்டு, பிறகு படைப்பிரிவு நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ் பகுதியில் குடியிருக்கும், ஸுவாவ் எனும் பிரெஞ்சு வட ஆப்பிரிக்கக் காலாட்படையின் சிப்பாய் கடல் கடந்து அல்ஜீரியாவின் ஓரானுக்குப் போய்ப் பேர் பதிந்துவிட்டு, திரும்பவும் கடல் கடந்து, தன் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே சண்டைக்கு வந்து சேர வேண்டும்! ஒரு தளபதி பெல்ஃபோர்ட்டுக்கு வந்து இறங்கித் தந்தி அடிக்கிறார்: வந்துவிட்டேன், என் படையைக் காணோம், மேலதிகாரியையும் காணோம், என்ன செய்வது, என் ரெஜிமென்ட்டுகள் எங்கே என்று தெரியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் தளபதி மோல்ட்கேயின் தலைமைப் பணியகம் ரயில் அட்டவணையை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது. 18 நாளில் 4,60,000க்கும் அதிகமான பேர் எல்லையில் இறங்கிவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரனுக்கு வீரம் குறைவு, அல்லது பேரரசர் மூன்றாம் நெப்போலியன் முட்டாள் என்று முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஹோவர்ட் அப்படி முடிக்கவில்லை. பிரான்சின் ராணுவம் நீண்டகாலச் சேவை செய்யும் தொழில்முறைப் படை. கையில் பணம் இருப்பவன் மாற்றாளைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். எல்லாரையும் பயிற்றுவித்து வைக்க அந்தச் சமூகம் விரும்பவில்லை, ஆள்பவர்களும் துணியவில்லை. பிரஷ்யா குறுகியகாலக் கட்டாயச் சேவையால் முழுத் தலைமுறைகளையே ரிசர்வில் வைத்திருந்தது. ஆக, களத்தில் தோற்றது ஒரு சமூக ஏற்பாடு. செப்டம்பர் 2 அன்று செடானில் பேரரசரே கைதியான பிறகும் போர் முடியாமல் இழுத்ததற்கும் அவர் இதே கண்ணால் காரணம் தேடுகிறார். பிரெஞ்சு அமைச்சர் கம்பேட்டா பலூனில் ஏறிப் பாரிசை விட்டு வெளியேறிப் புதுப் படைகளைத் திரட்டுகிறார், ஊர்மக்கள் துப்பாக்கி எடுக்கிறார்கள், போரை எப்படி முடிப்பது என்று பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கும் மோல்ட்கேயும் மோதிக்கொள்கிறார்கள். படையை வென்ற பிரஷ்யாவுக்கு மக்களைச் சமாதானத்துக்குக் கொண்டுவருவது பெரிய பாடாகிவிடுகிறது.

அதே 1961 வாக்கில் ராணுவ வரலாற்றை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இன்றும் ராணுவக் கல்லூரிகளில் படிக்கும் பாடம் அது. அகலமாகப் படி, ஆழமாகப் படி, சூழலோடு சேர்த்துப் படி என்று மூன்று விதி. ராணுவத் தொழிலின் விசித்திரத்தை அதில் அழகாகச் சொல்லுவார்: நாட்டின் தலைவிதியே தொங்கிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு நீச்சல் போட்டிக்காக வாழ்நாள் முழுக்கத் தரையிலேயே பயிற்சி எடுக்கும் நீச்சல்காரனைப் போல. தண்ணீருக்குப் பதில் அவனுக்குக் கிடைப்பது வரலாறுதான். அதையும் படைப்பிரிவின் பெருமைக் கதையாக எழுதி வைத்திருந்தால் அவன் கதி என்ன? இதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸின் வரலாற்றை இன்னொருவரோடு சேர்ந்து அவரே 1951இல் எழுதிக் கொடுத்திருந்தார்.

அணுகுண்டு யுகம் வேறு வகையில் அவரை இழுத்தது. 1950களில் அணு ஆயுதம் பற்றிய பேச்சு அமைச்சகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், பாதிரியார்கள், முன்னாள் அதிகாரிகள் எனப் பலதரப்பினர் 1957இல் பிரைட்டனில் கூடிப் பேசினார்கள். அதன் விளைவாக 1958இல் ஒரு வியூக ஆய்வு நிறுவனம் லண்டனில் எழுந்தது. நிறுவியவர்களில் ஹோவர்டும் டெனிஸ் ஹீலியும் முக்கியமானவர்கள். ஹீலி பின்னால் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த நிறுவனம் புதிதல்ல. 2002 முதல் அங்கே நடக்கும் ஷாங்ரி-லா பாதுகாப்பு மாநாட்டை நடத்துவது அதுதான். எந்த நாட்டிடம் எத்தனை டாங்கி, எத்தனை விமானம் என்று செய்திகளில் வரும் கணக்குகளில் பெரும்பங்கு அதன் ஆண்டு வெளியீட்டிலிருந்து எடுத்ததாகவே இருக்கும்.

1968இல் ஆக்ஸ்ஃபர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்குப் போனார். 1977இல் போர் வரலாற்றுக்கான சிச்லே பேராசிரியர், 1980இல் நவீன வரலாற்றுக்கான ரீஜியஸ் பேராசிரியர். பின்னது அரசு பரிந்துரைத்து முடியாட்சி நியமிக்கும் பதவி. ராணுவ வரலாற்றுக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை, தீண்டாமல் வைத்திருந்த பாடத்துக்குக் கிடைத்த மரியாதை என்றே சொல்ல வேண்டும். 1989 முதல் 1993 வரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். 1986இல் சர் பட்டம், 2005இல் ஆர்டர் ஆஃப் மெரிட். பட்டியலை இத்தோடு விடுகிறேன்.

1972இல் வந்த இன்னொரு நூலைச் சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வகுத்த பெருவியூகத்துக்கான அரசின் அதிகாரபூர்வ வரலாற்றில் நான்காம் தொகுதி அவருடையது. அதற்கு வுல்ஃப்சன் வரலாற்றுப் பரிசு கிடைத்தது. அது எடுத்துக்கொண்ட காலம் 1942 ஆகஸ்ட் முதல் 1943 செப்டம்பர் வரை. அதாவது, மத்தியதரைக் கடல் வழியாக இத்தாலிக்குள் போவது என்று சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் தளபதிகளும் மல்லுக்கட்டி முடிவெடுத்த காலம். அந்த முடிவின் கடைசிக் கண்ணியில் சலெர்னோ கடற்கரையில் நின்ற இருபது வயது அதிகாரி, முப்பது ஆண்டு கழித்து அந்தக் கோப்புகளைப் பிரித்துப் படித்து எழுதுகிறார். கோபத்தோடு எழுத அவருக்கு முழு உரிமை இருந்தது. எழுதவில்லை. மத்தியதரைக் கடல் வியூகம் சர்ச்சிலின் தொலைநோக்குத் திட்டம் என்பவர்களோடும் ஒத்துப்போகவில்லை, ஏமாற்று வேலை என்ற அமெரிக்கர்களோடும் ஒத்துப்போகவில்லை. கையில் இருந்த படைகளை வைத்துக்கொண்டு, வந்த வாய்ப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்ட வழி அது என்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யப் போர்ச் சிந்தனையாளர் கிளாஸ்விட்ஸின் போர் பற்றிய பெருநூலை பீட்டர் பாரெட்டோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தந்தது 1976இல். வியட்நாமில் அடிவாங்கிய அமெரிக்க ராணுவம் எங்கே தவறினோம் என்று தடவிக்கொண்டிருந்த நேரம். போர் என்பது அரசியலின் கருவி, அரசியல் நோக்கம் தெளிவில்லாவிட்டால் களத்தில் எத்தனை வென்றும் பயனில்லை என்ற அந்தப் பழைய ஜெர்மானியரின் பேச்சு அவர்களுக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் கடற்படை, விமானப்படை, தரைப்படைப் போர்க் கல்லூரிகள் மூன்றிலும் அந்த நூல் பாடமாயிற்று. மூலத்தின் கரடுமுரடை இந்த மொழிபெயர்ப்பு அளவுக்கு மீறி வழவழப்பாக்கிவிட்டது என்று பின்னால் வந்த அறிஞர்கள் குறைசொல்கிறார்கள். குறை நியாயமானதுதான். ஆனால் வழவழப்பாக இல்லாவிட்டால் அத்தனை கர்னல்கள் அதைப் படித்திருக்கப்போவதில்லை.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. போரைப் படிப்பது போரை நியாயப்படுத்துவதா? இந்தக் குற்றச்சாட்டு ஹோவர்ட் மீதே நேரடியாக விழுந்தது. 1980 ஜனவரியில் அவர் டைம்ஸ் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அமெரிக்க ஏவுகணைகளை பிரிட்டனில் நிறுத்துவதானால், மக்களைக் காப்பதற்கான உள்நாட்டு ஏற்பாடும் வேண்டும், அது இல்லாத தற்காப்புப் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, தொழிலாளர் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற இ. பி. தாம்சன் ஒரு சிறுநூலே எழுதிவிட்டார். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்கு அது வேதம் மாதிரி ஆயிற்று. அணுகுண்டுப் போரைத் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்றாகப் பேசிப் பேசியே மக்கள் மனத்தைப் பழக்குகிறீர்கள் என்பது தாம்சனின் அடி. வேடிக்கை என்னவென்றால் தாம்சனும் இத்தாலியில் போரிட்டவர்தான். ஒரே போர்முனையிலிருந்து திரும்பிய இரண்டு வரலாற்றாசிரியர்கள் எதிரெதிர்ப் பக்கம் போய் நின்றார்கள்.

என் தீர்ப்பு? அந்தக் கடித விஷயத்தில் தாம்சன் கை ஓங்கியிருந்தது. அணுகுண்டு விழும் ஊரில் கதவுக்குப் பின்னால் மணல்மூட்டை அடுக்கச் சொல்லும் அரசு அறிவிப்புகளை அன்றைய மக்கள் பார்த்துச் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் ஹோவர்டை அதோடு மூட்டைகட்டிவிடுவதும் சரியல்ல. ஓரிரு ஆண்டுகளில் அவரே எழுதிய கட்டுரை ஒன்று, எதிரியை அச்சுறுத்துவதில் மட்டும் கவனம் வைத்துச் சொந்த மக்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதை மேற்கு நாடுகள் கோட்டைவிட்டுவிட்டன என்று சொல்லிற்று. எதிர்ப்பாளர்களின் பயம் நிஜமானது என்பதை அவர் ஒப்புக்கொண்டார் என்றே அதை நான் படிக்கிறேன்.

அவர் ஆட்சியாளர்களின் ஆள் என்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறை ஜெர்மனியை எப்படி ஏமாற்றியது என்று அரசுக்காக ஒரு தொகுதி எழுதினார். பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கப்போகிற படை வேறொரு கரையான கலேயில் இறங்கப்போவதாக நம்பவைத்து, ஜெர்மனியின் 15ஆம் படையை வாரக்கணக்கில் அங்கேயே உட்காரவைத்த கதையெல்லாம் அதில் உண்டு. எழுதி முடித்தது 1980 வாக்கில். வெளியிடக் கூடாது என்று பிரதமர் தாட்சர் பூட்டி வைத்துவிட்டார். 1990இல்தான் அச்சுக்கு வந்தது.

இரண்டாவது, 2001 அக்டோபர் கடைசி. நியூயார்க் தாக்குதல் நடந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. ஆஃப்கானிஸ்தானில் குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. லண்டனில் ராணுவ அதிகாரிகள் நிறைந்த கூட்டத்தில் எழுபத்தெட்டு வயது ஹோவர்ட், பயங்கரவாதத்தின் மீது போர் என்று அமெரிக்கா அறிவித்தது பெரும் பிழை என்றார். போர் என்று சொன்ன கணமே குற்றவாளிக்குப் போராளி அந்தஸ்து கிடைத்துவிடுகிறது. மக்கள் உடனடி வெற்றியை எதிர்பார்க்கிறார்கள். போலீஸும் உளவும் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலையில் விமானங்கள் நுழைந்துவிடுகின்றன. பாலஸ்தீனம், அயர்லாந்து, சைப்ரஸ், மலாயா என்று பிரிட்டன் சந்தித்தவற்றை உதாரணம் காட்டினார்; அவற்றையெல்லாம் நெருக்கடிநிலை என்றுதான் அழைத்தார்கள், போர் என்றல்ல. கையில் ஆயுதம் ஏந்தியவனைவிடச் சுற்றியிருக்கும் மக்கள் யார் பக்கம் என்பதுதான் அங்கே முடிவைத் தீர்மானித்தது என்பது அவர் வாதம். மலாயாத் தோட்டங்களில் அந்தக் காலத்தை அனுபவித்த தமிழ்க் குடும்பங்கள், அது அவ்வளவு மென்மையான விவகாரமாக இருக்கவில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்கும். அது ஒரு குறைதான். என்றாலும் அடுத்த இருபது ஆண்டு ஆஃப்கானிஸ்தானையும் ஈராக்கையும் பார்த்தவர்களுக்கு, அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யார் கண்ணைத் திறந்துவைத்திருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் குறை அவருடைய எழுத்து முழுவதிலும் உண்டு. ஐரோப்பாதான் அவருடைய மேடை. காலனிப் போர்களும், காலனிகளிலிருந்து வந்த படைகளும் ஓரத்தில்தான் நிற்கும். அவர் போரிட்ட அதே இத்தாலியில் மூன்று இந்திய டிவிஷன்கள் போரிட்டன. அவர் வழியாக அவர்களைத் தெரிந்துகொள்ள முடியாது.

சொந்த வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. அவர் தன்பாலீர்ப்பாளர், இங்கிலாந்தில் 1967 வரை அது சட்டப்படி குற்றம். கிங்ஸ் கல்லூரியில் துறையைக் கட்டிய ஆண்டுகளெல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் கழிந்தவை. துணைவரோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, 2006இல் சட்டப்படி பதிவும் செய்துகொண்டார்.

அவரிடம் ஆய்வு செய்தவர்களில் லாரன்ஸ் ஃப்ரீட்மன் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1982இல் கிங்ஸ் கல்லூரிப் போரியல் பேராசிரியராகி, ஃபாக்லாந்துப் போரின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதி, ஈராக் போரை விசாரித்த சில்காட் குழுவிலும் உட்கார்ந்தவர். இன்று உக்ரைன் போர் பற்றி எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் கிங்ஸ் போரியல் துறை ஆட்கள் யாராவது எழுதியிருப்பார்கள்.

படிக்க விரும்பினால், ஐரோப்பிய வரலாற்றில் போரின் இடத்தைப் பற்றி அவர் 1976இல் வெளியிட்ட சிறுநூலில் தொடங்குங்கள். நிலப்பிரபுக்களின் குதிரைப்படையிலிருந்து அணுகுண்டு வரை நூற்றைம்பது பக்கத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். ஓரிரு நாளில் முடித்துவிடலாம். பிடித்திருந்தால் பிரான்ஸ்–பிரஷ்யப் போர் நூல். அது தடிமன், வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியது. தன்வரலாற்றைக் கடைசியாக எடுங்கள்; சலெர்னோப் பக்கங்கள் அப்போதுதான் முழுதாகப் புரியும்.